மெல்லிய இடத்தில்தான் ஆள் தெரியும்

கேள்வி இது: "மும்பை செம்பூரில் இருக்கிறோம். மகளுக்குப் பதின்மூன்று வயது, மேற்கத்திய வயலின் கற்கிறாள். வீட்டில் ஒரு அறையில் பாப், இன்னொரு அறையில் சிம்பொனி ஓடுகிறது. இன்றைக்கு மேடையில் இருப்பவர்களில் உண்மையிலேயே நன்றாகப் பாடுகிறவர், வாசிக்கிறவர் யார்? டிக்கெட்டுக்குப் பணம் செலவழிப்பதென்றால் எதற்குச் செலவழிக்கலாம்?"

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே நான் சொல்லும் தீர்ப்பு எதுவும் உங்களுக்கு விளங்காது. பாப் ஆனாலும் சிம்பொனி ஆனாலும், சத்தத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் அந்தக் கலைஞர் என்ன செய்கிறார் என்றுதான் நான் கவனிப்பேன். உரக்கப் பாடும்போது துணைக்கு நிறைய ஆள் வந்துவிடும். டிரம்ஸ் இருக்கும், ஒலிபெருக்கியில் சேர்த்த எதிரொலி இருக்கும், கூட்டமே சேர்ந்து பாடும். சுருதி கொஞ்சம் விலகினாலும் காதில் விழாது. மெல்லப் பாடும்போது இந்தத் துணையெல்லாம் போய், மூச்சும் சுருதியும் மட்டும் மிஞ்சும்.

உங்கள் மகளையே கேட்டுப் பாருங்கள். வயலினில் ஒரு சுரத்தைப் பலமாக இழுப்பது சுலபம், வில்லின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். அதே சுரத்தை நூலிழை போல, ஒரு முழு வில் நீளத்துக்கு வாசிக்கச் சொன்னால் கை நடுங்கும், நாதம் உடையும். ஒபோ என்ற ஊதுகுழல் வாத்தியத்தில் கீழ்ச் சுரம் ஒன்றை ஓசையில்லாமல் தொடங்குவது அதைவிடக் கஷ்டம். நம் பாட்டு வாத்தியார்கள் மந்திர ஸ்தாயி (கீழ்க் குரல்) சாதகத்துக்கு விடிகாலையில் எழுப்பி உட்கார வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். எந்த ஊர் சங்கீதமானாலும் இந்த இடத்தில் ஏமாற்ற முடியாது.

சரி, ஆர்கெஸ்ட்ராவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மும்பையில் இருப்பவர்களுக்கு இந்தியாவில் வேறெங்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. நரிமன் பாயிண்ட் முனையில் இருக்கும் தேசிய நிகழ்த்துகலை மையமான என்.சி.பி.ஏ.வில் 2006-இல் தொடங்கப்பட்ட சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாதான் நாட்டின் முதல் தொழில்முறை சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. குஷ்ரூ சுன்டூக் என்ற பார்சி சமூகத்து இசை ஆர்வலரும், கஜகஸ்தான் வயலின் கலைஞர் மராத் பிசென்கலியெவும் சேர்ந்து உருவாக்கினார்கள். வாசிப்பவர்களில் வெளிநாட்டுக்காரர்கள் அதிகம், குறிப்பாகக் கஜகஸ்தானிலிருந்து. அதைக் குறையாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஒரு ஒபோ கலைஞரை உருவாக்கப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். அதற்குள் இங்கே கேட்கும் காதுகளாவது தயாராக வேண்டாமா? ஆர்கெஸ்ட்ராவே பிள்ளைகளுக்கு ஓர் இசைப் பள்ளியையும் நடத்துகிறது. எனக்குப் பெரிய நம்பிக்கை அந்தப் பள்ளி மேல்தான்.

அவர்கள் வாசிக்கும் ஜாம்ஷெட் பாபா அரங்கம் 1999-இல் திறந்தது, 1,100-க்குச் சற்று மேல் இருக்கைகள். அங்கே சிம்பொனிக்கு மைக் கிடையாது. மும்பையில் காது பழகியிருக்கும் சத்தத்தை நினைத்துப் பாருங்கள்: லோக்கல் ரயில், ஹாரன், மெட்ரோ வேலை, கணபதி ஊர்வலம். அந்தக் காதோடு உள்ளே போய் உட்கார்ந்தால், முதல் பத்து நிமிடம் "என்ன இவ்வளவு மெல்லக் கேட்கிறது" என்றுதான் தோன்றும். பிறகு காது திறந்துகொள்ளும். இரண்டாம் வயலின்காரர்கள் மட்டும் வாசிக்கும் ஓர் உள்வரி தனியாகக் கேட்கத் தொடங்கும். எண்பது பேர் சேர்ந்து ஒருவர் வாசிப்பதைவிட மெல்ல வாசிக்க முடியும் என்பதை நேரில் கேட்டால்தான் நம்ப முடியும். ஹெட்போனில் இது வராது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் சரி. இந்த ஆர்கெஸ்ட்ராவின் தந்தி வாத்தியப் பிரிவு எனக்கு மிகவும் பிடிக்கும். காற்று வாத்தியங்கள் அந்த சீசனில் யார் வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறும், இறங்கும்.

2023-இல், ஆர்கெஸ்ட்ராக்களை வழிநடத்தும் கண்டக்டர் சூபின் மேத்தா வந்து இவர்களை நடத்தினார். 1936-இல் இதே பம்பாயில் பிறந்தவர். அவருடைய அப்பா மெஹ்லி மேத்தா இந்த ஊரிலேயே ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கிப் போராடியவர். மகன் உலகத்தையெல்லாம் சுற்றிவிட்டுத் தொண்ணூறை நெருங்கும் வயதில் தன் ஊர் ஆர்கெஸ்ட்ராவின் முன்னால் நின்றது எனக்குப் பெரிய விஷயம்.

உலக அளவில் இன்றைய பெயர்களைக் கேட்டீர்கள். பியானோவில் யூஜா வாங் பற்றி எல்லோரும் பேசுவது வேகத்தையும் உடையையும். 2023 ஜனவரியில் நியூயார்க் கார்னகி ஹாலில் ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினாஃபின் நான்கு பியானோ கன்சர்ட்டோக்களையும் (ஒரு தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு), அவருடைய பகானினி ராப்சடியையும் ஒரே நிகழ்ச்சியில் வாசித்தார், பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவோடு. உடல் வலுவுக்கே அது ஒரு சாதனை. ஆனால் நான் அவரைக் கேட்பது அந்த மெதுவான நடு அசைவுகளுக்காக, அதாவது படைப்பின் நடுவில் வரும் பகுதிகளுக்காக. இடது கை அடங்கி, மேலே ஒரு மெட்டு மட்டும் மிதக்கிற இடங்களில் அவர் விரல் பியானோவைத் தொடுவதே தெரியாது. வேகமாக வாசிக்கிறவர்கள் இன்று நிறைய. இப்படித் தொடுகிறவர்கள் குறைவு.

அதே ராக்மானினாஃபின் மூன்றாவது கன்சர்ட்டோவை வாசித்துத்தான் 2022-இல் தென்கொரியப் பையன் யுன்சான் லிம், டெக்சாஸில் நடக்கும் வான் கிளைபர்ன் போட்டியில் தங்கம் வென்றார். அப்போது வயது பதினெட்டு, அந்தப் போட்டியின் வரலாற்றில் தங்கம் வென்ற மிக இளையவர். அந்த வீடியோவை நீங்கள் பார்த்திருக்கலாம். பார்க்காவிட்டால் இன்று இரவே பாருங்கள். கடைசிப் பகுதியின் புயலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதன் ஆரம்பம் போதும். ஆர்கெஸ்ட்ரா மெல்ல அசைந்துகொண்டிருக்க, இரண்டு கையும் ஒரே மெட்டை எளிமையாக, அலங்காரமே இல்லாமல் சொல்கிறது. பதினெட்டு வயதில், நடுவர்கள் முன்னால், தன்னைக் காட்டிக்கொள்ளாமல் அந்த மெட்டைச் சொல்வதற்கு எவ்வளவு மனத்தெளிவு வேண்டும்!

வயலினில் என் வோட்டு ஹிலரி ஹானுக்கு. 1997-இல், பதினேழு வயதில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் தனி வயலின் படைப்புகளைத்தான் தன் முதல் ஆல்பமாக வெளியிட்டார். கூட வாசிக்க யாரும் இல்லாத, ஒளிந்துகொள்ள இடமே இல்லாத இசை அது. உங்கள் மகளுக்கு ஒரு குறிப்பு: ஹான் 2017 முதல் தன் அன்றாட சாதகத்தை நூறு நாள் நூறு நாளாக இன்ஸ்டாகிராமில் போட்டு வந்திருக்கிறார். பிசகுகிறார், நிறுத்துகிறார், அதே இரண்டு வரியைத் திரும்ப எடுக்கிறார். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு எந்தக் கச்சேரி வீடியோவைவிடவும் இது பயன்படும்.

கண்டக்டர்களில் கிளவுஸ் மாகெலா பெயர்தான் இப்போது எங்கும். 1996-இல் பிறந்த ஃபின்லாந்துக்காரர், 2027 முதல் ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபாவ், சிகாகோ இரண்டுக்கும் தலைமை ஏற்கப்போகிறார். திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உலகத்தின் தலைசிறந்த இரண்டு ஆர்கெஸ்ட்ராக்களை ஒரே நேரத்தில் ஒருவர் சுமப்பது அவருக்கும் நல்லதில்லை, அந்த இரண்டு ஊர்களுக்கும் நல்லதில்லை. அவர் பதிவுகளில் பளபளப்பு நிறைய, மெல்லிய இடங்களில் இன்னும் காத்திருக்கத் தெரியவில்லை. 2019-இலிருந்து பெர்லின் பில்ஹார்மோனிக்கை நடத்தும் கிரில் பெட்ரென்கோவைக் கேளுங்கள். பேட்டி கொடுப்பதே அபூர்வம், விளம்பரம் கிடையாது. அவர் கையில் அந்தப் பெரிய ஆர்கெஸ்ட்ரா நாலு பேர் வாசிப்பது போல ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கிறது.

அடுத்தது பாப். பாப் பாடகர்களுக்குக் குரல் இல்லை, எல்லாம் கணினி வேலை என்று மாட்டுங்கா பக்கத்துப் பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மைக் என்பதே ஒரு வாத்தியம், அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், தெரியாதவர்களும் இருக்கிறார்கள். பில்லி ஐலிஷ் தெரிந்தவர். அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் பெரும்பாலும் பதிவான முதல் ஆல்பத்துக்கு, 2020 கிராமியில் நான்கு முதன்மை விருதுகளையும் ஒரே இரவில் வாங்கினார், வயது பதினெட்டு. அவர் கிட்டத்தட்டக் கிசுகிசுக்கிறார். ஆனால் சுருதி அப்படியே நிற்கும், வார்த்தையின் கடைசி மெய்யெழுத்துகூடக் கேட்கும். கிசுகிசுப்பில் சுருதியை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

டெய்லர் ஸ்விஃப்ட் இந்தியாவுக்கு வந்து பாடியதில்லை. அவருடைய உலகச் சுற்றுப்பயணத்தில் 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை 149 நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்துக்கு மேல். அந்தப் பிரம்மாண்டத்தில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு இரவும் பட்டியலில் இல்லாத பாடல்களைத் தனியாகக் கிதாரிலும் பியானோவிலும் பாடிய அந்தச் சிறு பகுதிதான். பெரிய குரல் இல்லை. கதை சொல்லத் தெரிந்த குரல், அதன் எல்லை அவருக்கே தெரியும். அந்தத் தெளிவை நான் மதிக்கிறேன்.

ஸ்டேடியம் நிகழ்ச்சிகளில் ஏன் மெல்லிய இடமே வருவதில்லை என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். திரை, விளக்கு, வாணவேடிக்கை எல்லாம் நொடிக் கணக்கில் கோர்க்கப்பட்டிருக்கும். அது பிசகாமல் இருக்க, இசைக்கலைஞர்கள் காதில் ஒரு கிளிக் டிராக் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். பாடகர் ஒரு வரியில் கொஞ்சம் நின்று மூச்சு விட நினைத்தாலும் முடியாது, கிளிக் போய்க்கொண்டே இருக்கும். சிம்பொனியில் கண்டக்டரின் கை நின்றால் எண்பது பேரும் நிற்பார்கள். நம் கச்சேரியில் பாடகர், ஒரே வரியை விதவிதமாகப் பாடும் நிரவலில் ஒரு கணம் தயங்கினால் மிருதங்கக்காரரும் கூடவே தயங்குவார். அந்தச் சுதந்திரம் ஸ்டேடியத்தில் கிடையாது. போதாக்குறைக்கு ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்குச் சத்தம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி தாமதமாக வரும். நடுவில் வைக்கும் ஒலிபெருக்கிக் கோபுரங்களையும் அதற்கேற்பத் தாமதப்படுத்தித்தான் வைப்பார்கள். அதனால்தான் பின்வரிசையில் திரையில் உதடும் காதில் பாட்டும் ஒட்டாமல் இருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை. 2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே நெருல் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில் மூன்று நாள் பாடினார்கள். இசையாக அதில் புதிதாக எதுவும் இல்லை என்பது என் கருத்து. ஆனால் அத்தனை ஆயிரம் பேர் கையில் பட்டை ஒளிர ஒரே வரியைப் பாடுவது ஒரு கூட்டு வழிபாடு மாதிரி. அதற்கு ஒரு மதிப்பு உண்டு. எட் ஷீரன் வேறு ரகம். வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்க வைக்கும் லூப் பெடல் ஒன்றை வைத்துக்கொண்டு, கிதாரைத் தட்டித் தாளம் போட்டு, அதைச் சுழல விட்டு, அதன் மேல் அடுக்கடுக்காகக் கண்முன்னே கட்டுகிறார். ஒரு அடுக்கு பிசகினால் பாட்டு முழுக்கப் பிசகும். அந்த ஆபத்தை ஒவ்வொரு இரவும் ஏற்றுக்கொள்கிறார் என்பதற்காகவே அவர் 2024-இல் மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் பாடியபோது போனவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

பாப்பும் ஆர்கெஸ்ட்ராவும் சேரும் இடம் இப்போது மிகவும் சுவாரசியமாக இருக்கிறது. ஐஸ்லாந்தின் லேவே, செல்லோ வாசித்து வளர்ந்தவர், அம்மா சீன வயலின் கலைஞர். பதினைந்து வயதிலேயே ஐஸ்லாந்து சிம்பொனியோடு தனிக் கலைஞராக வாசித்தார். அவர் பாடும்போது ஆர்கெஸ்ட்ரா பின்னணிப் பஞ்சு மெத்தையாக இல்லாமல் பதில் பேசுகிறது, ஏனென்றால் அவருக்கு உள்ளிருந்து தெரியும். லண்டனின் ரே 2023-இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முழு ஆர்கெஸ்ட்ராவோடு பாடியது இன்னொன்று. அவர் சில இடங்களில் அதிகமாக அழுத்துகிறார், இருந்தாலும் அந்த ஆற்றல் உண்மையானது. 2025 நவம்பரில் ஸ்பெயினின் ரோசாலியா, லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு ஓர் ஆல்பம் வெளியிட்டார், பதின்மூன்று மொழிகளில். ஸ்பெயினின் மரபிசையான ஃப்ளமெங்கோவை முறையாகக் கற்ற குரல். நம் கமகம் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். இந்த மூவரில் உங்கள் மகளுக்கு லேவே, உங்களுக்கு ரோசாலியா என்று சொல்வேன்.

நம்மவர்களை விட்டுவிட முடியுமா? 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்பல்லோவில் இளையராஜாவின் முதல் சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது, நடத்தியவர் மிகெல் டாம்ஸ். எண்பது வயதைத் தாண்டி ஒருவர் தன் முதல் சிம்பொனியை எழுதி மேடையேற்றினார் என்பதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது. ஒரே ஒரு வருத்தம். அந்த அரங்கம் 1932-இல் சினிமா தியேட்டராகக் கட்டப்பட்டு ராக் கச்சேரிகளுக்குப் பேர்போனது. ராஜா சார் உள்வரிகளை எழுதுவதில் மன்னர். வயோலா என்ன செய்கிறது, இரண்டாவது கிளாரினெட் என்ன செய்கிறது என்பதில்தான் அவர் மேதைமை இருக்கிறது. அதை மைக் இல்லாமல், மரமும் காற்றும் மட்டும் பேசும் அரங்கில் கேட்க வேண்டும். நரிமன் பாயிண்டில் ஒருநாள் அது நடக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

சினிமாப் பின்னணிப் பாடகர்களில் பிரதீப் குமார்தான் என் அளவுகோலில் முதலில் நிற்பவர். குரலைத் தள்ளுவதே இல்லை. சித் ஸ்ரீராமுக்குப் பெரிய குரல், அம்மாவிடம் கர்நாடக சங்கீதம் கற்றுக் கலிபோர்னியாவில் வளர்ந்தவர். சினிமாவில் அவரை எப்போதும் உச்சத்திலேயே பாட வைக்கிறார்கள், கச்சேரியில் விளம்ப காலத்தில் அடங்கிப் பாடும்போதுதான் அவர் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிகிறது. அனிருத்துக்கு மேடையைத் தீப்பிடிக்க வைக்கும் வேகம் இயல்பாக வருகிறது. மெல்லிய பாட்டு அவரிடம் இன்னும் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறேன், ஏனென்றால் ஆரம்ப காலத்தில் கொடுத்திருக்கிறார். செம்பூர்க்காரர்களுக்குச் சங்கர் மகாதேவனைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சக்தி குழுவோடு 2024-இல் கிராமி வாங்கினார். அந்த ஆல்பத்தில் ஜாகிர் உசேன், செல்வகணேஷ் தாளத்துக்கு இடையில் அவர் எங்கெல்லாம் சும்மா இருக்கிறார் என்று கவனியுங்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார். 2015-இல் அவர் இதே மும்பை ஆர்கெஸ்ட்ராவுக்காகத் தபலா கன்சர்ட்டோ ஒன்று எழுதி வாசித்தார் என்பது இந்த ஊர் என்றைக்கும் பெருமைப்பட வேண்டியது.

தாராவித் தமிழ்ப் பையன்களின் ராப்புக்கு என் அளவுகோல் அப்படியே பொருந்தாது. அங்கே சொல் தெளிவும், தாளத்தின் மேல் சொல்லை எங்கே வைக்கிறார்கள் என்பதும்தான் கணக்கு. தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழு 2018-இல் 'காலா' படத்தில் பாடியபோது பலருக்குத் தெரியவந்தது. இந்தி, மராத்தி, தமிழ் மூன்றிலும் சரளமாகத் தாவும் அந்த நாக்கு வேறு எந்த ஊரிலும் உருவாகியிருக்க முடியாது.

ஒரு மனக்குறையும் உண்டு. இந்த ஊரில் ஒரு சபாவில் அண்மையில் கச்சேரி கேட்டேன். தம்புராவுக்கு ஒரு மைக், மிருதங்கத்துக்கு இரண்டு, பாடகருக்கு எதிரொலி வேறு. அந்த வித்வான் மெல்ல எடுத்த ஆலாபனை முழுவதையும் மேடையின் கூச்சல் விழுங்கிவிட்டது. கலைஞர் மெல்லப் பாடத் துணியும்போது அதைக் கேட்கவிடாத ஒலியமைப்பு அவருக்குச் செய்யும் அநியாயம். முந்நூறு பேர் உட்காரும் அரங்குக்கு அவ்வளவு மைக் எதற்கு?

சரி, டிக்கெட். ஸ்டேடியம் நிகழ்ச்சிக்கு உங்கள் மகள் ஆசைப்பட்டால் ஒருமுறை அழைத்துப் போங்கள், ஆனால் விலை அதிகமான முன்பகுதிக்குப் போக வேண்டாம். ஒலியைக் கலக்கும் மேசைக்குப் பக்கத்தில் நிற்கும் இடம் கிடைத்தால் சத்தம் அங்கேதான் சரியாக இருக்கும். மீதிப் பணத்தைச் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்கு வையுங்கள். பிப்ரவரி ஒட்டி ஒரு சீசன், செப்டம்பர் ஒட்டி ஒரு சீசன் நடக்கும். ஜாம்ஷெட் பாபா அரங்கில் முதல் வரிசைகளில் வயலின் மட்டும்தான் காதில் மோதும். மாடி இருக்கை விலையும் குறைவு, எல்லா வாத்தியமும் கலந்து வருவதும் அங்கேதான். உங்கள் மகள் வில்லைப் பார்த்துக் கற்க வேண்டும் என்றால் மேடையைப் பார்த்து உட்காரும்போது இடப்பக்கம் எடுங்கள், முதல் வயலின்காரர்கள் அந்தப் பக்கம்தான். போவதற்கு முந்தின வாரம் அந்தப் படைப்பை ஒருமுறையாவது வீட்டில் முழுதாகக் கேட்டுவிடுங்கள். ஒரு அசைவு முடிந்ததும் கை தட்ட வேண்டாம், கண்டக்டர் திரும்பும்வரை பொறுங்கள். இந்த ஆர்கெஸ்ட்ராவின் கலைஞர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து சின்ன அரங்குகளில் சேம்பர் இசையும் வாசிப்பார்கள். வயலின் கற்கும் பெண்ணுக்கு முதலில் அதற்குத்தான் டிக்கெட் எடுப்பேன். நாலு பேர் கண்ணால் பேசிக்கொண்டு ஒன்றாக மூச்சு இழுத்துத் தொடங்குவதை பத்தடி தூரத்தில் பார்க்கலாம். பெரும்பாலும் ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடிந்துவிடும், சி.எஸ்.எம்.டி. போய் ஹார்பர் லைன் பிடித்தால் செம்பூரில் வீட்டுச் சாப்பாடே சாப்பிடலாம்.